ஒயில் முள் சொன்னதும் மச்சான் சொன்னதும்

என்னிடம் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் இருக்கிறது. வயதில் என்னைவிட மூத்தது. மருதமுனையில் இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாரம் விற்கிற ஒருவனுக்கு அப்படியொரு கார் எதற்கு என்று மனைவி கேட்பாள். வெள்ளிக்கிழமை காலைகளில் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒயில் மாற்றுவது, பில்டர் மாற்றுவது எல்லாம் நானே செய்வேன். காரை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை, மனைவியின் தம்பியைத் தவிர.

மச்சான் என்றுதான் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். அவருக்குச் சாய்ந்தமருதில் வீடு. படகுத் தொழில். அவருடைய வான் பழுதாகிக் கிடந்த ஒரு நாள், ஒலுவில் துறைமுகத்தில் விற்பனைக்கு நின்ற படகொன்றைப் பார்க்க என் காரைக் கேட்டார். கொடுத்தேன். லுஹர் பகல் தொழுகைக்குப் பிறகு திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"மச்சான், நிந்தவூர் தாண்டி வளைவில திரும்பக்குள்ள மீட்டரில ஒயில் முள் அப்படியே சீரோவுக்கு விழுந்திட்டு. உடனே ஓரத்துல நிப்பாட்டி எஞ்சினை ஓஃப் பண்ணிட்டன். ஒயில் அளக்கிற கம்பிய இழுத்துப் பார்த்தா ஒயில் அடியில கிடக்கு. ஒரு கேன் வாங்கி ஊத்தித்தான் மறுகா கொண்டு வந்த."

"போன கிழமைதானே பில்டரும் மாத்திப் புது ஒயில் ஊத்தின? அது எங்க போச்சு?" என்றேன். "கண்மண் தெரியாம ஓட்டிப்போட்டு வந்து கதை சொல்றீங்களா?"

"அப்ப நான் பொய் சொல்றனா?"

தேநீரோடு வந்த மனைவி இதையெல்லாம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். மச்சான் காரின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, தேநீரைத் தொடாமல் போனார்.

அதன் பிறகு மூன்று வாரம் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மனைவி இதைப்பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினாள். "அவன் பொய் சொல்ற ஆள் இல்ல," என்றாள். நான் காரை வெளியே எடுக்கவும் இல்லை. எஞ்சினுக்குள் பேரிங் தேய்ந்துவிட்டது, எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன்.

கடைசியில் பெரியநீலாவணையில் படகு எஞ்சின் திருத்துகிற ஒருவரை அழைத்து வந்தேன். என் வயதுக்காரர்தான், ஆனாலும் அண்ணன் முறைவைத்து என்னைக் 'காக்கா' என்பார். பழைய கார்களும் அவருக்கு நன்றாகத் தெரியும். பிஸ்கட் டின் ஒன்றுக்குள் சாமான்களோடு வந்தவர், உடனே எதையும் கழற்றவில்லை.

"முள் விழக்குள்ள எஞ்சினில சத்தம் ஏதும் கேட்டதாமா?" என்று விசாரித்தார்.

"நான் கேக்கல்ல."

"ஓட்டினவரிட்ட கேக்காம என்னத்தைப் பார்க்கிற, காக்கா?"

மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் தன்னுடைய மீட்டரைப் பூட்டினார். காரிலிருக்கும் முள் உண்மை சொல்லுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து முற்றத்திலேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டோம். சூடேறியதும் முள் கொஞ்சம் இறங்கி, ஓரிடத்தில் அசையாமல் நின்றது. அக்சிலேட்டரை அழுத்த ஏறியது.

"பம்ப் நல்லம். பேரிங்கும் நல்லம். தேஞ்சிருந்தா சூட்டுக்கு முள் படுத்திரும்."

"அப்ப ஏன் விழுந்த?"

"ஒயில் குறைஞ்சா பம்ப் காத்தைத்தானே இழுக்கும்? வளைவில திரும்பக்குள்ள மிச்சமிருக்கிற ஒள்ளுப்பம் ஒயிலும் ஒரு பக்கம் ஒதுங்கிரும். ஒயில் எங்கால போச்சு எண்டு தேடுவம்."

எஞ்சினின் அடிப்பக்கம் முழுவதும் கறுத்துப்போய், எங்கிருந்து கசிகிறதென்று தெரியாமல் இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினோம். கடையிலிருந்த தறிக் கழிவு நூலால் துடைத்துக் காயவிட்டோம். பிறகு அவர் முகத்துக்குப் பூசும் பவுடர் கேட்டார்.

"காருக்கா?" என்று மனைவி கேட்டாள். ஆனாலும் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

எஞ்சின் முழுக்கப் பவுடர் தூவி மறுபடி ஸ்டார்ட் செய்தோம். இருவரும் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேல் மூடியில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. அடித்தட்டின் விளிம்பிலும் அப்படித்தான். ஒயில் பில்டர் கிண்ணத்தின் வாயோரம் மட்டும் நனைந்து கறுத்தது. அக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார். அந்தக் கறுப்பிலிருந்து நூல்போல ஒயில் பீச்சியது.

எஞ்சின் ஆறியதும் கிண்ணத்தைக் கழற்றினார். அது பொருந்தும் பள்ளத்தில் நான் போட்ட புது றப்பர் வளையம் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஊசி மாதிரியான ஒரு கம்பியால் பள்ளத்தைக் கிளறினார். இன்னொரு வளையம் வந்தது. கறுத்து, தட்டையாகி, இரும்புபோல இறுகியிருந்தது.

"இதை ஆர் மாத்தின?"

"நான்தான்."

"பழசைக் கழட்டாம அதுக்கு மேல புதுசை வச்சிருக்கீங்க. அப்படி வச்சா கிண்ணம் சரியா இறுகாது, ஒயில் பீச்சும். எனக்கும் ஒருக்கா நடந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது." கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நிப்பாட்டினவருக்கு நன்றி சொல்லுங்க. இன்னும் ஒரு கட்டை தூரம் ஓடியிருந்தா எஞ்சின் முடிஞ்சிருக்கும்."

எஞ்சின் தப்பியது என்ற நிம்மதிதான் எனக்கு முதலில் வந்தது. மச்சானுடைய நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலை அஸர் தொழுதுவிட்டுச் சாய்ந்தமருது கடற்கரைக்குப் போனேன். மச்சான் படகின் பக்கப் பலகையைத் தகடொன்றால் சுரண்டிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், இரண்டு வளையங்களையும் பற்றி. அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"ஒயில் கதைய விடுங்க மச்சான். கூடப்பொறந்த ராத்தாட முன்னால வச்சு அப்படிக் கேட்டீங்களே. அதுதான் எனக்குப் பொறுக்கல்ல."

"என்ட பிழைதான். மன்னிச்சிக்கங்க."

பலகையை இன்னும் இரண்டு தடவை சுரண்டினார். பிறகு தகட்டைக் கீழே போட்டார். "எனக்கு ஒரு கோவமும் இல்ல. வாங்க, பிளேண்டி குடிச்சிட்டுப் போகலாம்," என்று தேநீர்க்கடைப் பக்கம் நடந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு பகல் சாப்பாட்டுக்கு வந்தார். பழையபடி சிரித்துக் கதைத்தார். மனைவி அவருக்கென்று இரண்டு கறி கூடுதலாகச் சமைத்திருந்தாள்.

ஆனால் காரை மட்டும் அவர் இன்றுவரை தொடவில்லை. போன அறுவடையின்போது குடும்பமாகச் சவளக்கடை வயலுக்குப் புறப்பட்டோம். நான் திறப்பை நீட்டி, "நீங்க ஓட்டுங்க மச்சான்," என்றேன்.

"என்ட மோட்டச்சைக்கிள் இரிக்கி," என்றார், சாதாரணமாக.

அதில் அவர் எங்கள் காருக்குப் பின்னால் வந்தார். கண்ணாடியில் அவரை அடிக்கடி பார்த்துக்கொண்டு, வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டிப் போனேன்.