குன்றுக்குப் பின்னால் இருந்த வழி

ஸ்வானௌக்கின் வலது கையில் மாவுக்கட்டு போட்ட நாளிலிருந்து அவளுடைய ஆடுகளுக்குப் பால் கறப்பது பக்கத்து வீட்டுக் குன்வோர்தான். கறவை எந்திரத்தின் குழாய்களை மடியில் மாட்ட இரண்டு கைகள் வேண்டும். ஸ்வானௌக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு ஆட்டையும் பெயர் சொல்லி அதட்டுவாள்.

"நீ மட்டும் வரலேன்னா இதுங்க என்னையே மேய்ஞ்சிருக்கும்டி."

"பரவால்ல, விடு" என்பாள் குன்வோர், தலை நிமிராமல்.

கிளம்பும்போது ஸ்வானௌக் பழுப்புப் பாலாடைக்கட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி அவள் பையில் திணிப்பாள். வீட்டுக்கு வந்ததும் குன்வோர் அதைக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிடுவாள். அவற்றில் ஒன்றைக்கூட அவள் பிரித்ததில்லை. ஸ்வானௌக் விழுந்தது எந்தப் பாறையில் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாறை மேல் மலைப்பாதையைக் கொண்டுபோனது குன்வோர்தான்.

ஹெல்லதால் பள்ளத்தாக்கில் குன்வோரைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, மலை நடைபாதைகளில் வழிகாட்டும் சிவப்பு 'டி' எழுத்தை ஒவ்வொரு கோடையிலும் பாறைகளில் புதுப்பிப்பவள். ஒரு டி பக்கத்தில் நின்றால் அடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூடுபனியில் அதை நம்பித்தான் ஆட்கள் நடக்கிறார்கள். இன்னொன்று, கிறிஸ்துமஸுக்கு முதியோர் இல்லத்துக்கு அவள் கொண்டுவரும் மூல்த்தெ பழமும் பாலேடும். அந்த இல்லத்தின் சமையற்கட்டில்தான் அவள் இருபது வயதிலிருந்து வேலை பார்க்கிறாள். பள்ளியை நடுவிலேயே விட்டவள். கூட்டங்களில் கதவோரம் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பாள், பேச மாட்டாள். ஆனால் அந்த ஒரு நாள் கிண்ணம் மேசைக்கு வரும்போது எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பும்.

மூல்த்தெ சதுப்பு நிலத்தில்தான் வரும். ஒரு தண்டுக்கு ஒரே பழம். முதலில் சிவந்து, பழுத்ததும் பொன்னிறமாகும். அதைத் தோட்டத்தில் வளர்க்க முடியாது. எங்கே பறித்தாய் என்று இந்தப் பள்ளத்தாக்கில் கூடப்பிறந்தவளிடம்கூடக் கேட்க மாட்டார்கள். குன்வோர் வாளியை முதுகுப்பைக்குள் ஒளித்துக்கொண்டு, முதலில் ஏரிப்பக்கம் போவதுபோல் போய், மரங்களுக்குள் வளைந்து திரும்புவாள்.

இரண்டு கோடைகளுக்கு முன்னால் ஏரி பெருகிப் பழைய பாதை மூழ்கியது. நடைபாதைக் குழுவின் தலைவர் ஹல்வார் அவளைத் தேடிச் சமையற்கட்டுக்கே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "குன்வோர், மேல போக வேற வழி போடணும். குன்றுக்குப் பின்னாடி போலாமா, இல்ல பாறை மேலயா? அந்தப் பக்கம் உன்னைவிடத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?" என்றார்.

ஊர் அவளிடம் ஒரு விஷயம் கேட்டது அதுதான் முதல் தடவை. குன்றுக்குப் பின்னால் காய்ந்த மேட்டு விளிம்பு ஒன்று உண்டு. அதில் நடந்தால் செருப்புகூட நனையாது. அந்த விளிம்பை ஒட்டித்தான் அவள் யாருக்கும் சொல்லாத மூல்த்தெ நிலம்.

"பின்னாடி ஒரே சேறு. பாறை மேலயே போங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஹல்வார் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவளே சிவப்புச் சாயத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிவான பாறையில் டி போட்டாள். வெயில் நாளில் அது நல்ல பாறைதான். இந்த ஜூலையில் மழை விட்ட மறுநாள் ஸ்வானௌக் அதில் வழுக்கினாள். கீழே ஓடைவரை சறுக்கிப் போய்த்தான் நின்றாள்; கை முறிந்தது.

ஆகஸ்டில் ஊரார் கூடி வேலை செய்யும் நாள் வந்தது. அந்தப் பாறையில் இரும்பு வளையம் அடித்து, பிடித்து ஏறச் சங்கிலி மாட்டுவது என்று முடிவு. சங்கிலியை ஆளுக்கொரு பாகமாகத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். குன்வோர் சாய டப்பாவும் தூரிகையும் எடுத்துக்கொண்டு கடைசியில் வந்தாள். ஸ்வானௌக்கும் வந்திருந்தாள், இடது கையில் ஊன்றுகோலோடு.

"நீ எதுக்கு ஏறி வந்தே?" என்றார் ஹல்வார்.

"சங்கிலி என் பேர்லதானே மாட்டுறீங்க? திறந்து வைக்க ஆள் வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாறைக்கு வந்ததும் சுமையை இறக்கிக் காப்பி ஊற்றினார்கள். லாரி ஓட்டும் தோர்லைவ் பாறையை மேலும் கீழும் பார்த்தான். எதையும் கிண்டல் பண்ணாமல் அவனால் இருக்க முடியாது.

"ஏன் தலைவரே, இந்தச் சறுக்குமரத்துல வழி போட்டது யாரு? எலும்பு டாக்டருக்கு ஆள் பிடிக்கிறீங்களா?"

"பின்னாடி சேறுப்பா."

"பார்த்தா அப்படித் தெரியலையே. பைன் மரமெல்லாம் நல்லா வளர்ந்து நிக்குது. சேத்துல அப்படி வளருமா?"

ஸ்வானௌக் ஊன்றுகோலைத் தரையில் குத்தினாள். "குன்வோர் சேறுன்னா சேறுதான். நீ லாரிய விட்டு இறங்கி நடந்து எத்தனை வருஷம் ஆச்சு? நான் விழுந்தது என் தேய்ஞ்ச பூட்ஸால. அவளைப் பத்தி யாரும் வாய் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன். மழையோ வெயிலோ தினம் காலைல எங்க வீட்டு வாசல்ல நிக்கிறா."

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்று தோர்லைவ் கைகளைத் தூக்கினான்.

குன்வோர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் காதுவரை எரிந்தது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்து ஹல்வார் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு துளைபோடும் எந்திரத்தைப் பாறையில் வைத்தார்.

"அதைப் போடாதீங்க" என்றாள் குன்வோர்.

அவள் குரல் அவ்வளவு பேருக்கு நடுவில் கேட்டுப் பழக்கமில்லாததால் எல்லோரும் திரும்பினார்கள்.

"பின்னாடி சேறு இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

ஹல்வாருக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏன்..."

குன்வோர் சாய டப்பாவை எடுத்துக்கொண்டு குன்றைச் சுற்றி நடந்தாள். பின்னால் பூட்ஸ் சத்தம் வந்தது. சங்கிலியை யாரும் தூக்கவில்லை.

மேட்டு விளிம்பு காய்ந்து கிடந்தது. பைன் ஊசிகள் காலடியில் நொறுங்கின. அதன் இடப்பக்கச் சதுப்பில், தூரத்துப் பனிமலை தெரியும் இடம்வரை, பழம் பழுத்து நிலமே பொன்னாக இருந்தது. இவ்வளவு நல்ல வருஷம் வெகுகாலமாக வந்ததில்லை.

தோர்லைவ் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். மூல்த்தெ ராணி என்றோ, வாளி எங்கே என்றோ. அவன் தொப்பியைக் கண்வரை இழுத்து விட்டுக்கொண்டான். ஹல்வார் தன் பூட்ஸையே பார்த்தார். குளிக்கும் அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர்கள் போல எல்லோரும் வலப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். ஒருவர்கூடக் குனிந்து ஒரு பழம் பறிக்கவில்லை. கை நிறைய அள்ளி, திட்டிக்கொண்டே தின்றிருந்தால் அவளால் நிமிர்ந்து நின்றிருக்க முடியும்.

"வழி நல்லாத்தான் இருக்கு" என்றார் ஹல்வார் மெதுவாக. "முதல் டி எங்க போடலாம்?"

கடைசியாக ஸ்வானௌக் வந்து சேர்ந்தாள். பழங்களைப் பார்த்தாள். பிறகு தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். குன்வோரைப் பார்க்கவில்லை.

குன்வோர் குனிந்து, கைக்கு அகப்பட்டதைப் பறித்து நீட்டினாள். "ஸ்வானௌக், இந்தா."

"வேணாம். அது உன்னோடது."

அவள் இதுவரை குன்வோரிடம் இவ்வளவு விலகி நின்று பேசியதில்லை. ஊன்றுகோலை ஊன்றி இரண்டடி போனவள் திரும்பாமலே நின்றாள்.

"காலைல ஆடு கத்தும். நேரத்துக்கு வந்துரு."

"வரேன்."

"வராம இருந்துறாதே."

ஸ்வானௌக் நடந்தாள். குன்வோர் ஒரு கையால் தூரிகையைப் பிடித்து, விளிம்பின் முதல் பாறையில் கோடு இழுத்தாள். மறு கையில் இருந்த பழங்களை எறியவும் முடியவில்லை, வாயில் போடவும் முடியவில்லை. சாறு விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டுவரை இறங்கியது. கையை மூடியபடியே அடுத்த பாறைக்குப் போனாள்.