மிச்சம் ஒன்பது விரல்

நாற்பத்தைந்து வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவன் பிணத்தைப் பார்த்து மயங்கி விழுவான் என்றுதான் தெருவில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் பாட்டுக்கு அமைதியாகப் படுத்திருந்தார், நான் பாட்டுக்கு மரியாதையாக நின்றேன். என் எதிரி பக்கத்துக் கட்டடத்தில், உடலியல் ஆய்வகத்தில், ஒரு தட்டில் கிடந்தது. சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. லான்செட் என்று பெயர். அதை வைத்து ஒவ்வொரு மாணவனும் தன் விரலைத் தானே குத்தி, வரும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்க்க வேண்டும்.

என் தொழில் என்ன என்று சொன்னால்தான் இதில் உள்ள கேவலம் புரியும். தேனியில் இருபது வருடம் டியூஷன் சென்டர் நடத்தியவன் நான். உயிரியல். அதிலும் ரத்த ஓட்டம் என் தனிப் பாடம். சிவப்புச் சாக்பீஸும் நீலச் சாக்பீஸும் கொடுத்துக் கண்ணைக் கட்டிவிட்டாலும் இதயம் வரைந்துவிடுவேன். பிள்ளைகளை மருத்துவத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் வாங்கிவந்த இனிப்பைத் தின்றே தொப்பை வளர்த்தேன். நுழைவுத் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை என்றதும், மாணவர்களோடு நானும் போய் எழுதினேன். இடம் கிடைத்துவிட்டது.

என் மனைவி கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாள். "சேருங்க. என் சம்பளத்துல ஓட்டிக்கலாம். வீட்ல உக்காந்து எனக்கு நாளமில்லாச் சுரப்பி நடத்துறத, அங்கன போயிக் கேளுங்க" என்றாள். சென்டரின் போர்டைக் கழற்றினோம்.

உடலியல் ஆய்வகப் பொறுப்பில் இருந்த மேடம் என்னிடம் டியூஷன் படித்தவர். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். அவர் நின்றதைப் பார்த்து வகுப்பே எழுந்தது. பழக்கதோஷம், "உக்காருங்க" என்றேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேடமும்.

ஆனால் லான்செட் விஷயத்தில் பழைய மரியாதை எதுவும் செல்லுபடியாகவில்லை. முதல் வாரம் நான் கையாண்ட தந்திரம், பாடம் நடத்துவது. "விரல் நுனியில நுண்குழாய் ஏன் அதிகம் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பேனாவைத் திறந்துகொண்டு சுற்றி நின்றார்கள். வகுப்பு முடிகிற நேரம் வந்துவிட்டது. அடுத்த வாரம் உண்மையிலேயே முயன்றேன். ஊசி விரலுக்கு அருகே வந்ததும் காதுக்குள் மோட்டார் ஓடியது, முட்டி இரண்டும் தனித்தனியாக முடிவெடுத்தன. ரத்தம் வராவிட்டால்? வந்து நிற்காவிட்டால்? ரத்தம் உறைவதைப் படிப்படியாக நடத்தியவன்தான். ஆனால் அன்றைக்கு என் உடம்பு வகுப்புக்கு மட்டம் போட்டிருந்தால் என்ன செய்வது? தரை வழுக்குகிறது என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் மோதிர விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போனேன். "வெங்காயம் நறுக்குனேன் மேடம், கத்தி பட்டுருச்சு."

மேடம் பிளாஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவாயில்ல சார். மிச்சம் ஒன்பது விரல் இருக்குல்ல?"

ஒன்பதையும் சட்டென்று பாக்கெட்டுக்குள் விட்டேன். மேடம் குரலைத் தாழ்த்தினார். "சார், திங்கக்கிழமை செய்முறைத் தேர்வு. நீங்களே குத்திச் செய்யணும். செய்யலைன்னா நான் மார்க் போட முடியாது. மார்க் இல்லைன்னா வருசக் கடைசிப் பரீட்சைக்கு விட மாட்டாங்க. ஒரு வருசம் போயிரும்."

பதினெட்டு வயசுக்கு ஒரு வருடம் போனால் போகட்டும். எனக்கு அப்படியா? அன்று வீட்டில், சென்டரை மறுபடி திறந்தால் என்ன என்று மெல்லப் பேச்செடுத்தேன். மனைவி சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, "போர்டு பரண்லதான் கெடக்கு. எறக்கிருவோமா?" என்றாள். அவள் சிரித்திருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

இதற்கு நடுவில் சனிக்கிழமை வந்தது. முதலாண்டு மாணவர்கள் கிராமத்துக்குப் போய் ஆளுக்குச் சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது எங்கள் படிப்பில் ஒரு பகுதி. சின்னமனூர் தாண்டி ஒரு ஊர். மேடம்தான் எங்கள் குழுவுக்குப் பொறுப்பு. எங்களுக்குக் கிடைத்த வீட்டில், திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். சில மாதமாகவே அசதி, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தோம். உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெளுத்திருந்தது. ரத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

"அதெல்லாம் வேணாம்" என்று கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "போன முகாமுக்கு வந்தவக விரல நசுக்கி நசுக்கி எடுத்தாக. ரெண்டு நாளு பழம் வெட்டுற கத்திரி பிடிக்க முடியல, கூலி போச்சு." பிறகு என் நரைமுடியைக் கவனித்தார். "இந்தப் பெரிய டாக்டரு குத்துறதுன்னா சரி."

பிள்ளைகள் சிரித்தார்கள். "அவரு டாக்டர் இல்லக்கா. எங்க கூடப் படிக்கிறாரு."

"இந்த வயசுலயா? எத்தன தடவ பெயிலு?"

"இன்னும் ஆகல ஆத்தா" என்றேன். "திங்கக்கிழமைதான் ஆகப்போறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கை வெளியே வரவில்லை. "அப்ப மொதல்ல உங்க விரல்ல குத்திக் காட்டுங்க. நீங்க கத்தாம இருந்தா நா தாரேன்."

மேடம் தட்டை என் பக்கம் நீட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எந்தக் குருவும் தன் சிஷ்யையிடம் பார்க்கக் கூடாது.

"பாருங்க ஆத்தா, விரல் நுனியில நுண்குழாய்னு..."

"பேச்ச விடுங்க சார். தோட்டத்துக்கு நேரமாச்சு."

வெளுத்த இமைகளை மறுபடி பார்த்தேன். ரத்தசோகைக்கு ஐந்து அறிகுறிகள் என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். அந்த ஐந்தும் இப்போது எதிரே உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்தன. நான் பின்வாங்கினால் அந்தக் கை இனி யாருக்கும் நீளாது. ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்தேன். குத்தினேன்.

ஒன்றும் வரவில்லை.

"என்ன, வரலயே?"

"வெக்கப்படுது" என்றேன். புது லான்செட் எடுத்து, பக்கத்து விரலில், இந்த முறை நிஜமாகவே குத்தினேன். ஒரு சொட்டு திரண்டு நின்றது. எறும்பு கடித்த அளவுக்குத்தான் வலி. அலறுவதற்காகத் தயார் செய்து வைத்திருந்த முகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன்.

"வலிச்சுச்சா?"

"லேசா."

"ம், பொய் சொல்லல. இந்தாங்க." கை வெளியே வந்தது.

கையுறை மாட்டிக்கொண்டு, மேடம் பக்கத்திலிருந்து பார்க்க, ஒரே குத்தில் எடுத்தேன். நசுக்கவில்லை. சின்ன மீட்டர் எட்டு காட்டியது, பன்னிரண்டாவது இருக்க வேண்டும்; சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நோட்டை எடுத்துக் குறித்தார்கள். மேடம் அங்கேயே ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, எந்த நாள், எந்த அறை என்று சொல்லிக் கொடுத்தார்.

திங்கட்கிழமைத் தேர்விலும் முட்டி ஆடத்தான் செய்தது. ஆடட்டும் என்று விட்டுவிட்டு விரலைக் கவனித்தேன். ஆர்வக்கோளாறில் கொஞ்சம் ஆழமாகவே குத்திவிட்டேன். "போதும் சார், ரத்த வங்கிக்கா குடுக்குறீங்க?" என்று சொல்லிக்கொண்டே மேடம் மார்க் போட்டார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க அந்த ஊருக்குப் போனபோது அந்தப் பெண் வாசலிலேயே நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்களாம். வாயெல்லாம் இரும்பு ருசி என்று என்னைத் திட்டினார். ஆனால் மேடு ஏறினால் முன்னைப்போல மூச்சு வாங்கவில்லையாம்.

"சரி, நீங்க எப்ப முழு டாக்டரு ஆவீக?"

"அம்பது ஆயிரும் ஆத்தா."

"ஆகட்டும். அப்ப எனக்கும் அம்பதுதான். இங்கனதான் இருப்பேன், எங்கயும் போகல."

நான் அதற்கு ஏதோ பதில் சொல்லத் தொடங்கினேன். வழக்கம்போலக் கொஞ்சம் நீளமாக. அவர் பொறுக்கவில்லை, விரலை என் முன்னால் நீட்டினார்.

"குத்துங்க சார். கத்திரி புடிக்கப் போகணும்."