செதுக்காமல் விட்ட கரை

தொண்டாமுத்தூர் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் நான் ஒருவன்தான் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். மற்ற எல்லோரும் தென்னந்தோப்புக்காரர்கள். ஞாயிறு காலையில் பிளாஸ்டிக் பொறுக்குவோம், கோழிக்கழிவு கொட்ட வரும் வண்டிகளைத் திருப்பி அனுப்புவோம். சண்டை போடுவதற்கென்றே என்னைச் சேர்த்தார்களோ என்னவோ.

ஒரு ஞாயிறு நான் போகவில்லை. அடுத்த வாரம் போனால் கரையில் கோரையும் இல்லை, நாணலும் இல்லை. மொத்தமும் செதுக்கிக் கிடந்தது. அதற்குள் கூடு கட்டியிருந்த நீர்க்கோழிகளையும் காணோம்.

"ஏனுங்க, இது குளமா, உங்க தோப்பா?" என்று கத்தினேன்.

"பொதரா கெடந்துச்சுங்க. பார்க்க மனசு கேக்கலீங்க, செதுக்கிப்போட்டோம்," என்றார் எங்கள் தலைவர். புல்லைக் கண்டால் கை சும்மா இருக்காத மனுசர். கூட்டைப் பற்றி நான் சொன்னதும் முகம் செத்துவிட்டது. அன்றைக்கு டீகூடக் குடிக்கவில்லை.

மழை பெய்து கோரை திரும்ப வளர்ந்தது. நீர்க்கோழிகளும் வந்து குஞ்சு பொரித்தன. அதிலிருந்து குளத்துக்கு யாரும் களைக்கொத்து எடுத்துவரக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

போன வாரம் தலைவர் தோப்பில் மோட்டார் மாட்டப் போனேன். துடைத்து வைத்த மாதிரி இருக்கும் தோப்பில், வாய்க்கால் ஓரம் மட்டும் இடுப்புயரத்துக்குப் புல்.

"இதை எப்பத்தான் செதுக்குவீங்க?" என்று அவர் மனைவி என் முன்னாலேயே சத்தம் போட்டார்.

"இருக்கட்டும் அம்மணி," என்றார் அவர். "யாராச்சும் குடிவருவாங்க."