அர்ச்சுனன் வைத்த பொட்டு

பாலோ ஊரில் அர்ச்சுனன் வீட்டுக் காகிதங்களின் கதை தெரியாதவர்கள் குறைவு. செம்பனை ஆலையில் லோரிகளை எடைபோடும் வேலை அவருக்கு. காகிதம் என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் மறுநாளே கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிடுவார். பிறப்புச் சூராட் என்கிற சான்றிதழ், கல்யாணச் சூராட், தண்ணீர் பில், நாய்க்கு ஊசி போட்ட சீட்டு, எதுவும் தப்பியதில்லை. "ஒருநாள் என்னையும் பிளாஸ்டிக்குல போட்டு ஆணியில மாட்டிடுவாரு" என்பாள் மனைவி காளியம்மா.

அது சும்மா பிடித்த கிறுக்கு அல்ல. 2006 வெள்ளத்தில் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். மகள் ரூபினியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறியவருக்குச் சூராட்டுகள் இருந்த தகரப்பெட்டியை எடுக்க மூன்றாவது கை இல்லை. பிறகு தன் பிறப்புச் சான்றிதழை மறுபடி வாங்க இரண்டு வருடம் அலைந்தார். முன்னால் நிற்கிற மனிதனைப் பார்த்துக்கொண்டே "நீ பிறந்ததற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். அந்த அவமானம் அவருக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அப்படிப்பட்டவர் கையில் ரூபினியின் பட்டச் சான்றிதழ் வந்தால் சும்மா விடுவாரா? பட்டமளிப்பு முடிந்த வாரமே அதைச் சாமி மேடையில் வைத்தார். புது வண்டிக்கு வைப்பதுபோல நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். என்னவோ குறைந்தது. நடுவில் பெரிதாக ஒன்று வைத்தார். மதிப்பெண் பட்டியலையும் பின்னால் சேர்த்து, இருப்பதிலேயே தடித்த பிளாஸ்டிக்காகப் பார்த்து லேமினேட் செய்து, மற்றக் காகிதங்களோடு தன் அறைச் சுவரில் மாட்டிவிட்டார்.

ரூபினி கெலாங் பாத்தா பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஒப்பந்த ஆசிரியை. வாடகை அறை, மோட்டார் தவணை, அதற்கு மேல் மாதாமாதம் கட்ட வேண்டிய மேற்படிப்புக் கடன். சம்பளம் கைக்கும் வாய்க்குமே இழுபறி. இந்த நிலையில்தான் சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளி, தமிழ் சொல்லிக்கொடுக்க அவளைக் கூப்பிட்டது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு மனமே இல்லை. தன் வகுப்பில் இருபத்துமூன்று பிள்ளைகளையும் இப்போதுதான் எழுத்துக்கூட்ட வைத்திருக்கிறாள். பாதியில் விட்டுப் போவதை நினைத்தாலே அழுகை வந்தது. அர்ச்சுனனுக்கோ கால் தரையில் இல்லை. "நம்ம புள்ள சிங்கப்பூரு போவுது" என்று ஆலையிலும் கோயிலிலும் சொல்லி, கேட்காதவர்களைத் தேடிப்போயும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூபினி மோட்டாரில் வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ப்பா, என் சர்ட்டிபிகேட் எங்க?"

சக ஆசிரியை ஜொஹரா சொல்லித்தான் அவளுக்கு விஷயமே உறைத்திருந்தது. முதல்நிலைத் தேர்ச்சி பெற்றவர்கள் கடன் விலக்குக் கேட்கலாம். மற்ற நிபந்தனைகளும் அவளுக்குப் பொருந்தின. ஆனால் பட்டமளிப்பு நடந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். விலக்குத் தானாக வரும் என்று இவள் இருந்துவிட்டாள். கெடு வருகிற வெள்ளிக்கிழமை.

அர்ச்சுனன் பெருமையாகச் சான்றிதழை ஆணியிலிருந்து இறக்கிக் கொடுத்தார். ரூபினி பார்த்தாள். முதல்நிலை என்று அச்சாகியிருந்த இடத்தின் மேல் ஐம்பது காசு அகலத்துக்குக் குங்குமம் உட்கார்ந்திருந்தது. சந்தன ஈரம் பின்னால் இருந்த மதிப்பெண் பட்டியலிலும் ஊறி, எண்களைக் கரைத்திருந்தது.

"அலமாக்! என்னாப்பா செஞ்சி வச்சிருக்கீங்க?"

"பொட்டுதானம்மா வச்சேன்..."

லேமினேட் கடைக்காரர் கனகராஜிடம் ஓடினார்கள். அவர் ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தார். காகிதமும் கூடவே உரிந்து வந்தது. "வேணாம்லா, இதுக்கு மேல கைய வச்சா மொத்தமும் போயிரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ரூபினி பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். உறுதிக் கடிதம் தர பத்து வேலை நாளாகும் என்று தானியங்கிப் பதில் வந்தது.

அவள் அப்பாவைத் திட்டவில்லை. "பரவால்லப்பா. சிங்கப்பூருக்கே போயிடுறேன். உங்களுக்கும் அதான ஆச" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஆசைதான். ஆனால் அவள் மோட்டாரில் ஏறும்போது கண்ணைத் துடைத்ததைப் பார்த்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை விரும்பிப் போனால் பெருமை. தான் வைத்த பொட்டால் போனால் அது என்ன பெருமை?

திங்களன்று ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு, மகளிடம் போய்த் தன் பெயருக்கு ஓர் அனுமதிக் கடிதம் எழுதி வாங்கினார். செவ்வாய்க்கிழமை குளுவாங்கில் ரயில் ஏறினார். கோலாலம்பூரையும் தாண்டி, பேராக்கில் இருந்தது பல்கலைக்கழகம். அவ்வளவு தூரம் அவர் தனியாகப் போனதே இல்லை. கையில் செய்தித்தாள் சுற்றிய சான்றிதழ், சட்டைப்பையில் அந்த அனுமதிக் கடிதம்.

புதன் காலை பதிவகத்தில் முதல் ஆளாக நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா. அர்ச்சுனன் சான்றிதழை நீட்டினார். பழைய பழக்கம். "என்ன அத்தாட்சி?" என்று கேட்கப் போகிறார்கள் என்றே நினைத்தார்.

அந்த அம்மா சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பாக்சிக், இந்தச் சிவப்பு என்னது?" என்று, மாமா என்று கூப்பிடுகிற மரியாதையோடு மலாயில் கேட்டார்.

அர்ச்சுனன் தனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் கொட்டினார். வெள்ளம், தகரப்பெட்டி, பொட்டு, மகள், வெள்ளிக்கிழமை. மூச்சு வாங்கியது. அந்த அம்மா சிரிக்கவில்லை. மகளின் அடையாள அட்டை எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"பாக்சிக்குத் தெரியுமா? அந்தப் படிப்பில் இருநூற்றுப் பதினாறு பேர். முதல்நிலை வாங்கினவர்கள் ஒன்பதே பேர். உங்கள் மகள் அதில் ஒருத்தி."

அர்ச்சுனனுக்குத் தெரியாது. முதல்நிலை என்றால் ரூபினி நன்றாகத் தேறினாள் என்றுதான் தெரியும். அதற்கு மேல் அவரும் கேட்டதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை. கூடத்தில் ஆட்கள் இருப்பதையும் மறந்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அரை மணியில் முத்திரையோடு கடிதம் வந்தது. அங்கேயே ஒரு மாணவனைப் பிடித்துப் படமெடுக்கச் சொல்லி மகளுக்கு அனுப்பினார். ரூபினி அன்று மத்தியானமே மனுவைப் போட்டாள். சிங்கப்பூர்ப் பாலர் பள்ளியைக் கேட்டுக்கொண்டு, பதிலுக்குக் கொஞ்ச நாள் தவணையும் வாங்கினாள். அந்த நாட்களில் காளியம்மா முருகனுக்கு நேர்ந்ததை எண்ணினால் ஒரு தேங்காய்க் கடையே தேறும்.

விலக்கு கிடைத்தது. கடன் முழுதும் போயிற்று. ரூபினி அன்றே சிங்கப்பூருக்குப் போன் போட்டு, "மன்னிக்கணும், நான் வரல" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடத்துக்கு மணியடிக்கும் முன்னால் வகுப்புக்குள் போய்விட்டாள்.

சேதி பாலோவுக்கு வர எவ்வளவு நேரமாகும்? சாயங்காலம் தேநீர்க் கடையில் பழைய கூட்டாளி செல்லப்பன் பிடித்துக்கொண்டார். "என்னாய்யா அர்ச்சுனா, புள்ள சிங்கப்பூரு போவுது, போவுதுன்னு குதிச்ச. இப்ப போவலியாமே?"

கடையே திரும்பிப் பார்த்தது. அர்ச்சுனன் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"சிங்கப்பூருக்கு யாரு வேணாலும் போலாம்யா. தினம் விடிஞ்சா பஸ்ஸு பஸ்ஸா போறாங்க. எம்புள்ள படிச்ச படிப்புல இருநூத்திப் பதினாறு பேரு. அதுல ஒம்போது பேருதான் மொத நெல. அந்த ஒம்போதுல ஒருத்தி, நம்ம தமிழ்ப்பள்ளியில நம்ம புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்குறா. அவ எதுக்குய்யா போவணும்?"