மேசையின் உயரம்

இந்த 1976 குளிர்காலத்தில், மெல்பேர்ன் மலைப்பக்கத்துப் பழைய மரக்கட்டை வீடொன்றைப் புதுப்பிக்கிறோம். வரைபடம் என்னுடையது. வீட்டுக்காரரின் சின்ன மகளுக்குச் சுவர் மேசை செய்யத் தச்சர் பலகையைக் கையால் இழைத்தார். இழைத்த மரத்தின் மணத்தில் யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஐயா வேப்பம்பலகையை இழைத்து, அம்மா சமைக்கும் குசினியின் யன்னலோரம் எனக்கொரு மேசை அடித்தார்.

“அண்ணை, பெட்டை அஞ்சாம் வகுப்போட நிக்கப்போறாள். அவளுக்கு மேசையோ? அதுவும் நெஞ்சளவுக்கு!” என்று சித்தப்பா சிரித்தார்.

ஐயா வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்தார். “அவள் வளருவாள்தானே. வளர்ந்தும் படிப்பாள்.”

கடையில் சோப்புக்கட்டிகள் வந்த பழைய சவர்க்காரப் பெட்டிமேல் ஏறி நின்று எழுதினேன். பெட்டி தேவைப்படாத வயதிலும் அதே மேசையில்தான் படித்தேன்.

“மேசையை எந்த உயரத்தில் பொருத்த?” தச்சர் இழைப்பதை நிறுத்திக் கேட்டார்.

சிறுமியைப் பார்த்தேன்.

“பெரியவர்கள் உயரத்தில். ஏறி நிற்க ஒரு பெட்டியும் செய்யுங்கள்.”