மெழுகுப்பூவும் மேல் பாக்கெட் கத்தரியும்

முன்னால் நிற்பவரின் காலரில் நூல் தொங்கினால் அதைக் கத்தரித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். கேட்கமாட்டார். மேல் பாக்கெட்டிலிருந்து சின்னக் கத்தரி வெளியே வரும், ஒரு ‘க்ளிக்’, நூல் காணாமல் போயிருக்கும். திரும்பிப் பார்ப்பவரிடம், “ஒண்ணுமில்ல சார், பிசிறு” என்பார்.

முப்பத்தெட்டு வருடமாக முடிவெட்டுகிறார். பின்கழுத்தில் அவர் போடும் கோட்டில் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். அதனால் தெருவுக்கே அவர் பெயர் நேர்க்கோடு. கடையில் அவர் வாயில் அதிகம் வரும் வார்த்தை “குனிங்க”. போலீஸ்காரரோ, பள்ளித் தலைமையாசிரியரோ, யாராயிருந்தாலும் இரண்டு விரலால் உச்சந்தலையை அமுக்கி, “இன்னும் கொஞ்சம் குனிங்க.” அவரிடம் குனியாத தலை அவர் மனைவியுடையது ஒன்றுதான் என்று தெருவில் சொல்வார்கள்.

அந்த அம்மாள் போய் ஐந்து வருடமாகிறது. போகும்போது பின்வாசல் ஓரமாக ஒரு செடியை விட்டுப்போனாள். குளிரில் இலையெல்லாம் கொட்டிய பிறகு, வெறுங்குச்சியில் மெழுகை உருட்டி ஒட்டியது போல மஞ்சளாகப் பூக்கும். சரியான பெயர் என்னவோ, அவள் மெழுகுப்பூ என்றாள். மற்ற செடிகள் வாயைத் திறக்காத மாதத்தில் இது மட்டும் தெருமுனை வரை மணக்கும். காலையில் ஒரு குச்சியை ஒடித்து, கடைக் கண்ணாடி முன்னால் தண்ணீர் டம்ளரில் வைத்துவிட்டுப் போவாள். அன்றைக்கு வந்தவர்கள் முடிவெட்டிய பிறகும் நாற்காலியை விட்டு எழமாட்டார்கள்.

புருஷன் மேல் அவளுக்கு இருந்த சந்தேகம் ஒன்றே ஒன்று. பெண் விஷயம் அல்ல, கத்தரி. “உங்க வித்தையெல்லாம் கடையோட. என் செடி பக்கம் வந்தீங்க, சாப்பாடு கிடையாது.”

அவள் போன பிறகு செடி பூக்கவில்லை. வரிசையாக நான்கு குளிர்காலம். “அவ இல்லைன்னு செடிக்குத் தெரிஞ்சுபோச்சு” என்று நாற்காலியில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சொன்னார். முகம் நிறைய சோப்பு நுரையோடு இருப்பவர் என்ன பதில் சொல்வார்? கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு. கதை நன்றாகத்தான் ஓடியது.

நான்காவது குளிர் முடிகிற சமயம், வெகுநாள் கழித்துக் கொழுந்தியாள் வந்தாள். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். பேச்சும் அப்படித்தான் விழும். பின்வாசலில் நின்று செடியைப் பார்த்தாள். பந்து போல உருண்டையாக இருந்தது. ஒரு குச்சி இன்னொன்றைவிட நீளமில்லை.

“மாமா, இதுக்கு யாரு முடிவெட்டினது?”

“நாந்தான். இலை கொட்டறப்போ வருஷா வருஷம் ஒழுங்கு பண்ணிவிடறேன். அவ வச்ச செடி, பரட்டையா நிக்கலாமா?”

“அக்கா பரட்டையாத்தான் வச்சிருந்தா. மொட்டெல்லாம் கோடையிலயே குச்சில வந்து உட்கார்ந்துடும். குளிருக்கு முன்னால வெட்டினா பூ எங்கேருந்து வரும்? நாலு வருஷமா அவ பூவை நீங்களே பெருக்கிக் கொட்டிட்டு, பழியைச் செத்தவ மேல போட்டிருக்கீங்க.”

நேர்க்கோடு கடைக்குக் கிளம்பிவிட்டார். அன்று கடையில் ஒருவருக்கு இடது கிருதா ஒரு நூல் மேலே ஏறிப்போனது. வெட்டுப்பட்டவர் அதைப் பதக்கம் வாங்கியது போலத் தெருவெல்லாம் காட்டினார்.

பிறகு செடி இஷ்டத்துக்கு வளர்ந்தது. ஒரு கிளை பின்வாசலை மறித்து நீண்டு, போகிற வருகிறவர் நெற்றியில் தட்டியது. அதைப் பார்க்காமலிருக்க, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பல் தேய்த்தார். மேல் பாக்கெட் கத்தரியைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். பஸ் நிறுத்தத்தில் நூல்கள் நிம்மதியாகத் தொங்கின. இலை கொட்டும் மாதம் வந்ததும் கொழுந்தியாளுக்குத் தினம் போன்.

“குச்சில மிளகு மாதிரி என்னமோ இருக்கு. மொட்டா, பூச்சியா?”

“மொட்டுதான். தொடாதீங்க மாமா.”

“நாலு தடவை வெட்டிட்டேனே. பூக்கறதையே மறந்திருந்தா?”

“கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க.”

இந்த வாரம் பூத்துவிட்டது. செடி முழுக்க இல்லை. வழியை மறிக்கும் அந்த ஒரு கிளையில் மட்டும், ஏழு பூ.

காலையில் கடைக்குக் கிளம்பியவர் பின்வாசலில் நின்றார். கிளை நெற்றிக்கு நேராக, கோணல்மாணலாக நீட்டிக்கொண்டிருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் தாமாகவே பிரிந்து சேர்ந்தன. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். உச்சந்தலையில் பூ இடித்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தார்.