ஊருக்கு வாங்கிய கற்கண்டு

என் மூத்த மகள் பிறந்தால் ஊருக்குக் கொடுப்பதற்கென்று வாங்கி வைத்திருந்த கற்கண்டை, ஒரு துண்டு பாக்கியில்லாமல் நான் ஒருவனே தின்று தீர்த்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கப்படும்படி ஏதாவது செய்யாத நாட்களில் எனக்கு எழுதுவதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

சுதந்திரம் வந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பாம்பன் தபாலாபீசில் நான் குமாஸ்தா. ஊருக்கு வருகிற பத்திரிகைகளைச் சந்தாதாரர்களுக்கு முன்பாகவே படித்துவிடுகிற வசதி எனக்கு இருந்தது. அதனால் குடும்பம் நடத்துவதிலிருந்து தேசத்தை நடத்துவதுவரை எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் இருந்தது. சீனியை ரேஷனில் அளந்து கொடுத்த காலம் அது. தை மாதத்தில் பிறக்கப்போகிற குழந்தைக்காகப் புரட்டாசியிலேயே மதுரைக்குப் போனவர் ஒருவரைப் பிடித்து, அரை வீசை கற்கண்டு வரவழைத்துவிட்டேன். எங்கள் தெருவில் பிள்ளை பிறந்த வீடு என்றால் முதலில் கையில் இனிப்பு விழவேண்டும். அது விழுந்த பிறகுதான் மனிதர்கள் உள்ளே வந்து பிள்ளையைப் பார்ப்பார்கள்.

குழந்தைக்கு என் திட்டத்தை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வளைகாப்பு முடித்து மனைவியை உப்பூரில் அவள் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, எட்டாம் மாதத்தில், வாடைக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மத்தியானம் மகள் பிறந்துவிட்டாள். அழவில்லை. பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். தோல் வழியாக உள்ளே ஓடுகிற நரம்பு தெரிந்தது.

மண்டபம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து பார்த்தார். பஞ்சில் சுற்றி வையுங்கள், சூடு குறையக்கூடாது, தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது, அதுதான் மருந்து என்று சொல்லிவிட்டுப் போனார். தேறுமா என்று நான் கேட்டதற்கு, “தாய் தேறினால் பிள்ளை தேறும்” என்றார். நான் அதை ஏதோ உபசார வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன்.

மனைவியின் அக்காள் உப்பூரிலிருந்து வந்து சேர்ந்தாள். பிள்ளையை ஓலைப்பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் கிடத்தினோம். கண்ணாடிக் குப்பிகளில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி இரண்டு பக்கமும் வைத்தோம். அந்தக் காற்றில் ஒரு குப்பியை மாற்றிவிட்டுத் திரும்பினால் அடுத்தது ஆறியிருக்கும். அடுப்பு அணையவே இல்லை. பாலைப் பீய்ச்சிச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விடவேண்டும். பாதி வெளியே வழியும். மறுபடி வெந்நீர், மறுபடி பால், மறுபடி மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பது. சாப்பிட உட்கார்ந்தவன் இலைமுன்னாலேயே தூங்கியிருக்கிறேன். அது எந்தக் கிழமை என்று கேட்டிருந்தால், தேதி முத்திரை குத்துவதையே பிழைப்பாகக் கொண்ட எனக்குச் சொல்லத் தெரிந்திராது.

தெருவில் ஒருவரும் வரவில்லை. அவர்கள்மேல் தப்பில்லை. எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. நானும் இனிப்புக் கொடுக்கவில்லை. கொடுத்தபிறகு ஏதாவது ஆகிவிட்டால், வாங்கித் தின்ற முகங்களைப் பார்த்துக்கொண்டு எப்படி நடப்பது? அதனால் அவர்கள் நான் கொடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். நான் பிள்ளை தேறட்டும் என்று காத்திருந்தேன். தபாலாபீசில் யாராவது “வீட்டுல எப்படி இருக்காக?” என்று கேட்டால், “கொஞ்சம் உடம்பு சரியில்லை” என்பேன். பிள்ளை பிறந்த வீட்டை ஜுரம் கண்ட வீடு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவன் ஆயிற்றே! மனைவியைப் பக்குவப்படுத்தவேண்டும் என்று நினைத்து, ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, “பிள்ளைமேல ரொம்ப ஆசை வச்சிராத. எதுக்கும் மனசத் தயாரா வச்சுக்க” என்றேன். சொல்லும்போது எனக்கே என் பக்குவத்தை நினைத்து மரியாதையாக இருந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திரும்பியவள் திரும்பியபடியே கிடந்தாள். கொடுத்தால் தின்றாள், இல்லாவிட்டால் கேட்கவில்லை. ஓலைப்பெட்டி பக்கம் பார்ப்பதே இல்லை. “ஒரு தடவ தொட்டுத்தான் பாரேன்டி” என்று அக்காள் கெஞ்சினால் கண்ணை மூடிக்கொள்வாள். பால் குறைய ஆரம்பித்தது. “தம்பி, இவ இப்படியே கெடந்தா பாலு வத்திரும். பெறகு அந்தப் புள்ளைக்கு என்னத்த ஊத்துறது?” என்று அக்காள் என்னிடம் கேட்டாள். டாக்டரம்மா சொன்னது உபசார வார்த்தை இல்லை என்று அப்போது புரிந்தது. ஆனால் ஒரு வார்த்தையால் சுவர்ப்பக்கம் திருப்பியவளை இந்தப் பக்கம் திருப்புகிற வார்த்தை எனக்குத் தெரியவில்லை. எந்தப் பத்திரிகையிலும் அது வந்திருக்கவில்லை.

கற்கண்டு விஷயத்துக்கு வருகிறேன். அவள் கண்ணில் பட்டால் வருத்தப்படுவாளே என்று பொட்டலத்தை ஆபீசுக்குக் கொண்டுபோய் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். கடிதங்களைப் பிரித்துப் போடும்போது கை தானாக உள்ளே போகும். ஒரு துண்டு வாய்க்குள் கரைகிற நேரம்வரை வீட்டு நினைப்பு வராது. கரைந்ததும் வந்துவிடும். அப்போது இன்னொன்று. ஆம்பளை ஆபீசில் உட்கார்ந்து அழ முடியாது. கற்கண்டு தின்னலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். பின்வீட்டு லாத்தா கொல்லைப்புறமாக உள்ளே வந்தார். தெருவில் எல்லாருக்குமே அவர் லாத்தாதான். அக்காள் என்று அர்த்தம். புருஷன் கொழும்பில் கடை வைத்திருந்தார். நாலு பிள்ளைகளையும் தெருவையும் அவர் தனியாகவே அதட்டிக்கொண்டிருந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக ஓலைப்பெட்டியிடம் போய்க் குனிந்தார்.

“மாஷா அல்லா! நெத்தியப் பாரு, அப்படியே அத்தா நெத்தி. பாவம், பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு பெரிய நெத்தி ஆகுமா?” என்றார். பிறகு அத்தாவான, அதாவது அப்பனான, என் பக்கம் திரும்பினார். “என்ன தம்பி, புள்ள பொறந்து எம்புட்டு நாளாச்சு! வாய்க்கு இனிப்பு எங்க?”

பிள்ளை பிறந்திருக்கிறது என்று எங்களிடம் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் திகைத்துப்போய், “வாங்கி வச்சிருந்தேன், லாத்தா…” என்று இழுத்தேன்.

“வச்சிருந்தா எடுங்க.”

“இல்ல… தீந்துபோச்சு.”

“யாருக்குக் குடுத்திய? நம்ம தெருவுல ஒருத்தருக்கும் வரலையே.”

“ஒருத்தருக்கும் குடுக்கல. நாந்தான்… ஆபீஸ்ல… ஒவ்வொண்ணா…”

சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். தலை கலைந்து, கண் உள்ளே போய், பார்க்கவே பயமாக இருந்தது.

“அம்புட்டையும் நீங்களே தின்னீங்களா? எம்புள்ளைக்கு வாங்குனத நீங்க எப்படித் தின்னலாம்?”

குரல் கிறீச்சிட்டது. பல நாட்களாகப் பேசாத தொண்டை. என்னைத் திட்ட ஆரம்பித்தாள். என் திட்டம், என் பத்திரிகை, என் பக்குவம் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டினாள். அப்படிப்பட்ட வசவை அதற்கு முன்னும் நான் வாங்கியதில்லை, பின்னும் இல்லை. திட்டிக்கொண்டே அக்காளிடம் கையை நீட்டி, “எம்புள்ளையக் குடு” என்றாள். பஞ்சோடு வாங்கி மார்பில் அணைத்துக்கொண்டு அப்புறம்தான் அழுதாள். அக்காளும் அழுதாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

லாத்தா போய்ச் சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். கை நிறையக் கருப்பட்டி. அதை அம்மியில் வைத்து உடைத்து, ஒரு தட்டில் போட்டு என் கையில் திணித்தார். “போங்க, வீடு வீடாக் குடுத்துட்டு வாங்க. அல்லா புள்ளைக்கு நெறைய ஹயாத்த, ஆயுசக் குடுப்பான். குடுக்கலைன்னா அப்பப் பாத்துக்கலாம். இப்ப அது உசுரோட இருக்குல்ல?”

கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலத்துக்குள் தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. இத்தனை நாளும் வாசலைத் தாண்டும்போது பார்வையைத் திருப்பிக்கொண்டவர்கள், மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று சண்டை போட்டார்கள். ஒருத்தி வெந்நீர்க் குப்பி மாற்றினாள். ஒருத்தி சோறு வடித்தாள். அன்றைக்கு நான் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மனைவி அதன்பிறகும் மாதக்கணக்கில் காரணமில்லாமல் அழுதாள். பிள்ளை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினாலும் எழுப்பிப் பார்த்தோம். ஆனால் அவள் சுவரைப் பார்த்து அழவில்லை, பிள்ளையை வைத்துக்கொண்டு அழுதாள். பாலும் வற்றவில்லை. அந்தப் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறது, பெரிய நெற்றியோடு என்னை எதிர்த்துப் பேசுகிறது.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் லாத்தாவைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக மனசுக்குள் திருத்தித் திருத்தி எழுதி வைத்திருந்த நன்றியைச் சொன்னேன். பிறந்த உயிரைப் பிறந்துவிட்டது என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டியிருக்கிறது, தங்குமா தங்காதா என்பது அதற்கப்புறம்தான், அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் ஒருவர்தான் எங்களைத் தேடி வந்தீர்கள் என்றேன்.

லாத்தா வெற்றிலையை மென்றபடி பொறுமையாகக் கேட்டார். “நான் எங்க தம்பி ஒங்களத் தேடி வந்தேன்?” என்றார். “எங்க ஆடு கயித்த அத்துக்கிட்டு ஒங்க கொல்லைக்குள்ள பூந்துருச்சு. அதப் புடிக்க வந்தேன்.”